கொழுந்து.இலங்கை சரியான முகவரிதான்

போன மாதம் ஒரு பின்னேரம், ஹட்டனில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நேரம், தலவாக்கலையிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். தேயிலைத் தூளைச் சின்ன அளவில் பக்கெட் பண்ணி விற்பவர்.

"தங்கச்சி, நீங்க செஞ்ச ஃபோர்ம் எங்க கடை அட்ரஸ எடுக்க மாட்டேங்குதே."

"என்ன வருதுண்ணே?"

"சிவப்புல வருது. 'சரியான இணைய முகவரியை உள்ளிடவும்'னு. சரியானதத்தான் போட்டேன்."

அவர் போட்டது சரியானதுதான். பிழை என் பக்கம்.

மலையகத்தில் சிறிதாகத் தொழில் செய்பவர்களை ஒரே இடத்தில் தேடிப் பிடிக்கக்கூடிய ஒரு தளத்தை நாலைந்து மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், தையல் கடைக்காரர்கள் எல்லாரும் அதில் பதியலாம். பதிவுப் படிவத்தில் இணையத்தள முகவரிக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் விழுவது ஒரு டொமைன் பெயர்தானா என்று பார்க்கும் பைத்தன் கோட் நான் எழுதியது. சரியாகச் சொன்னால், படிக்கிற காலத்தில் எங்கோ பார்த்து எழுதி வைத்த ஒரே வரி ரெஜெக்ஸ், அதாவது எந்த எழுத்து எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்று சொல்லும் சூத்திரம், அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் என்னோடு வந்துகொண்டே இருந்தது. எழுத்து, எண், இணைப்புக்குறி, அப்புறம் புள்ளி, அப்புறம் இரண்டிலிருந்து ஆறு வரை ஆங்கில எழுத்து. ஆறு என்ற கணக்கு 2001இல் வந்த .மியூசியம் என்ற முடிவுக்காக யாரோ வைத்தது. அதன்பிறகு எத்தனையோ நீளமான முடிவுகள் வந்துவிட்டன. இப்படிக் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் மேல்நிலைப் பெயர்கள் இன்று 1400க்கு மேல்.

அண்ணன் வாங்கியிருந்தது .இலங்கை என்று முடியும் தமிழ்ப் பெயர். அவருடைய உண்மையான முகவரியை இங்கே எழுதப்போவதில்லை. அதே மாதிரி ஒன்றாக, கொழுந்து.இலங்கை என்று வைத்துக்கொள்வோம். ஏன் தமிழில் வாங்கினார் என்று முன்பொரு தடவை கேட்டிருக்கிறேன். "எங்க அப்பாவுக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். பக்கெட்டுல இருக்கிறத அவரும் வாசிக்கணும்" என்றார். அப்படி ஆசைப்பட்டு வாங்கிய பெயரை, மலையகத்துக்காரர்களுக்கென்று ஒரு மலையகத்துக்காரி செய்த படிவம் பிழை என்று சொல்லியிருக்கிறது. அன்று இரவு அதைத் திருத்தாமல் என்னால் படுக்க முடியவில்லை.

இலங்கையின் .எல்கே 1990இலிருந்து இருக்கிறது. சிங்களத்தில் .லங்கா, தமிழில் .இலங்கை இரண்டும் 2010இல் வந்தன. அதற்கும் முன்னால், 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 மேல்நிலைப் பெயர்களைச் சோதனைக்காக வேர் வலயத்தில், அதாவது எல்லா மேல்நிலைப் பெயர்களும் இருக்கும் மூலப் பட்டியலில், போட்டது. அந்தப் பதினொன்றில் ஒன்று தமிழ். உதாரணம்.பரிட்சை என்பது அந்த முகவரி. சோதனை முடிந்து அது நீக்கப்பட்டுவிட்டது. நாங்கள் இங்கே பரீட்சை என்று நெடிலில்தான் எழுதுவோம். இருந்தாலும் ஒரு தமிழ்ச் சொல் வேர் வலயத்தில் முதன்முதலாக ஏறியது ஒரு சோதனைக்காகத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். இத்தனை வருஷம் கழித்தும் என் கோட் .இலங்கையைத் தெரியாது என்கிறது.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். ரெஜெக்ஸில் ஆங்கில எழுத்து என்று இருந்த இடத்தில், 'எந்த மொழி எழுத்தும்' என்று பொருள்படும் பின்சாய்கோட்டு டபிள்யூவைப் போட்டேன். பைத்தன் 3இல் அது, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட்டின் எழுத்துகளையும் எடுக்கும் என்று படித்தது நினைவில் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் பிழை.

அப்புறம் 'இலங்கை'யை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'நீ எழுத்தா?' என்று பைத்தனிடமே கேட்டேன். நம் கண்ணுக்கு அது நாலு எழுத்து: இ, ல, ங், கை. கணினிக்கு ஆறு: இ, ல, ங, புள்ளி, க, ஐகாரக் குறி. பதில் இப்படி வந்தது. இ, ஆம். ல, ஆம். ங, ஆம். புள்ளி, இல்லை. க, ஆம். ஐகாரக் குறி, இல்லை.

திரையில் அந்த இரண்டு 'இல்லை'யையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். யூனிகோட்டில் நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் 'எழுத்து' என்ற வகையில் இல்லை, 'குறி' என்ற வேறொரு வகையில் இருக்கின்றன. பைத்தனோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் எடுக்கும், குறியை விட்டுவிடும். அதனால் உயிரெழுத்துகளும், புள்ளியோ கொம்போ காலோ இல்லாத 'மரம' போன்ற வெறும் அகரமேறிய எழுத்துகளும்தான் அதற்குத் தமிழ். புள்ளியில்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிவிட முடியுமா? தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரெஜெக்ஸ்' என்ற பெயருடைய தொகுதி குறிகளையும் சேர்த்து எடுக்கிறது. உலாவிப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அதே டபிள்யூ ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதையும் எடுக்காது.

ஆனால் ரெஜெக்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்கு வழியே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. டொமைன் பெயருக்கான விதிகள் தமிழ் எழுத்தின் மேல் எழுதப்பட்டவை அல்ல, கணினிக்குக் கணினி கம்பியில் போகும் வடிவத்தின் மேல் எழுதப்பட்டவை. பால் மோகாபெட்ரிஸ் 1987இல் எழுதிய, ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இணைய விதி ஆவணங்கள் இரண்டும்தான் அடிப்படை. தமிழ்ப் பெயரை முதலில் அந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும்.

மாற்றுகிற முறைக்குப் பெயர் பனிகோட். 2003இல் ஆர்எஃப்சி 3492 ஆக வந்தது. .இலங்கை அதில் எப்படி மாறும் என்றால்: எக்ஸ், என், இரண்டு இணைப்புக்குறி, அப்புறம் எக்ஸ் கே சி 2 ஏ எல் 3 எச் ஒய் ஈ 2 ஏ. மொத்தம் 16 எழுத்து. பல வருஷம் இதை ஏதோ கன்னாபின்னா எழுத்துக் கூட்டம் என்றே நினைத்திருந்தேன். அன்று இரவு தாளும் பேனாவும் எடுத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழகு அதற்குள் இருக்கிறது.

சொல்லில் உள்ள எழுத்துகளையும் குறிகளையும் யூனிகோட் எண் வரிசையில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறது. இ 2951, க 2965, ங 2969, ல 2994, ஐகாரக் குறி 3016, புள்ளி 3021. அந்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்தில் நுழைக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறது. சொல் இப்படி வளர்கிறது:

இ
இக
இஙக
இலஙக
இலஙகை
இலங்கை

புள்ளி கடைசியாக வந்து உட்காருகிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதி, வாசிக்கிறவர் மனதில் புள்ளி வைத்துக்கொண்ட காலம் நினைவுக்கு வந்தது.

ஆரம்பத்தில் உள்ள எக்ஸ் கே சி எங்கிருந்து வருகிறது? ஆங்கில எழுத்துகளின் எல்லையான 128இலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். 2951இல் 128 போக 2823. அந்த 2823ஐ அவர்களுடைய முறையில் எழுதினால் எக்ஸ் கே சி. இந்தியாவின் தமிழ் மேல்நிலைப் பெயரான .இந்தியாவும் எக்ஸ் கே சி என்றே தொடங்கும். இரண்டு சொல்லிலும் மிகச் சிறிய எண் உள்ளது இகரத்துக்குத்தான். .சிங்கப்பூரில் சிறியது க. ஆகவே அது சி எல் சி என்று தொடங்குகிறது. இதைக் கண்டுபிடித்தபோது இரவு ஒரு மணி. எழுப்பிச் சொல்ல வீட்டில் யாருமில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

மாற்றிய பிறகு விதிகள் எளிமையானவை. முகவரியில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவிலுள்ள பகுதி 1 முதல் 63 எழுத்து வரை. எழுத்து, எண், இணைப்புக்குறி மட்டும். இணைப்புக்குறியில் தொடங்கவோ முடியவோ கூடாது. எண்ணில் தொடங்கலாமா என்று பலர் கேட்பார்கள். 1985இன் விதி கூடாது என்றது, 1989இல் ஆர்எஃப்சி 1123 அதைத் தளர்த்திவிட்டது. கடைசிப் பகுதி முழுக்க எண்ணாக இருந்தால் ஏற்காதீர்கள், இல்லாவிட்டால் எண்ணாலேயே ஆன ஐபி முகவரியும் டொமைனாக உள்ளே வந்துவிடும். அடிக்கோடு வேண்டாம். டிஎன்எஸ் என்ற இணையப் பெயரேட்டின் பதிவுகளில் அது வரும், ஒரு தளத்தின் பெயரில் வராது.

63 ஏன் 63 என்று தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய நிம்மதி. கம்பியில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அதன் நீளத்தைச் சொல்ல ஒரு பைட் போகிறது. அந்த எட்டு பிட்டில் மேலுள்ள இரண்டு, 'இந்தப் பெயரின் மிச்சம் ஏற்கெனவே இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கே பார்' என்று சுருக்கிச் சொல்வதற்கு ஒதுக்கப்பட்டவை. மிச்சம் ஆறு பிட். அதில் எழுதக்கூடிய பெரிய எண் 63. முழுப் பெயருக்கு எல்லை 255 பைட். முதல் நீள பைட்டையும், பெயர் முடிந்தது என்று சொல்லும் கடைசிப் பூச்சியத்தையும் கழித்தால், நாம் எழுதுகிற வடிவில் 253. தமிழ் எழுத்தை எண்ணி 63 என்று பார்ப்பது பிழை. கணினிக்கு ஆறாக இருக்கும் இலங்கையே 16 ஆகிறதல்லவா? மாற்றிய பிறகு எண்ணுங்கள்.

சரி, இதையெல்லாம் எழுதி முடித்து, அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முகவரியை அப்படியே எடுத்து ஒட்டினேன். மறுபடியும் பிழை. நான் கையால் தட்டினால் ஏற்கிறது, அவர் அனுப்பியதை ஒட்டினால் மறுக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றேதான்.

காலையில் அழைத்துக் கேட்டேன். "இத யாருண்ணே டைப் பண்ணினது?"

"டவுன்ல கொமியூனிகேஷன்லதான். பக்கெட் டிசைனோட சேர்த்து அந்தப் பொடியன் அடிச்சுக் கொடுத்தான்."

அது போதும், விஷயம் விளங்கிவிட்டது. நம் கொமியூனிகேஷன் கடைகளில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோட்டுக்கு மாற்றுவது இன்னும் வழக்கம். பாமினியில் 'கொ' அடிக்க ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணில் படும் வரிசையில் மூன்று தட்டல். மாற்றியபோது கொம்பும் காலும் ஒரே ஒகரக் குறியாகச் சேராமல் தனித்தனிக் குறியாகவே நின்றுவிட்டன. நான் அடித்த கொழுந்து கணினிக்கு எட்டு, அவருடைய கொழுந்து ஒன்பது. யூனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது, ஆனால் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அந்த வடிவத்துக்குப் பெயர் என்எஃப்சி. பைத்தனின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்று ஒரே அழைப்பு. கட்டத்தில் விழுந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிட வேண்டும். பெயரைப் பனிகோட்டுக்கு மாற்ற நான் பயன்படுத்தும் 'ஐடிஎன்ஏ' தொகுதி என்எஃப்சியில் இல்லாத பெயரைத் திருத்தித் தராது, பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். அது சரியும்கூட. திருத்துவது படிவம் செய்கிறவரின் கடமை.

அதே ஒட்டலில் இன்னொன்றும் மாட்டியது. முகவரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு. என் பழைய ரெஜெக்ஸின் முடிவில் டாலர் குறி இருந்தது. பைத்தனில் டாலர் குறி, கடைசியில் உள்ள ஒரு வரிமுறிவைக் கண்டும் விட்டுவிடும். அதாவது வருஷக்கணக்காக வால் நீண்ட முகவரிகளை நான் தரவுத்தளத்துக்குள் விட்டிருக்கிறேன். முதலும் கடைசியும் உள்ள வெற்றிடங்களை நறுக்கிவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை முழுக்கப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபுல்மேட்ச் பயன்படுத்துங்கள்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவர் பெயரின் முதலெழுத்தில் ஔகாரம் வரும். ஒரு பத்திரத்தில் அது ஔகாரமாகவே இருக்கிறது. இன்னொன்றில் 'கவு' என்று எழுதியிருக்கிறார்கள். வேலையை விட்ட பிறகு சேர வேண்டிய பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சமாதான நீதவானிடம் போய், சத்தியக் கடதாசி முடித்து, மறுபடி பஸ் ஏறி, மறுபடி வரிசையில் நின்று. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு இதே கதை உண்டு. அந்த வரிசையில் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதனால் ஒரு படிவம் ஒருவர் பெயரைப் பிழை என்று சொல்லும்போது, அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

ஔகாரம் டொமைனிலும் சிக்கல்தான். 'கௌ' என்று சரியாக எழுதுவது ஒன்று. 'கெ' எழுதிப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டு 'கெள' என்று அடிப்பது இன்னொன்று. கண் இரண்டையும் ஒன்றாகவே வாசிக்கிறது. என்எஃப்சி இதைச் சேர்த்து வைக்காது, ஏனென்றால் ள உண்மையிலேயே வேறோர் எழுத்து. விதிப்படி இரண்டும் சரியான பெயர், இரண்டு வேறு முகவரி. 'ஸ்ரீ'யும் அப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இதைச் சரிபார்க்கும் கோட் தடுக்கக் கூடாது என்பது என் முடிவு. ஏற்றுக்கொண்டுவிட்டு, 'இந்த எழுத்துதானா?' என்று ஒரு தடவை கேட்கிறேன்.

பெயரைப் பனிகோட்டுக்கு மாற்றுவதற்கு இரண்டு தலைமுறை விதி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பைத்தனில் எதையும் நிறுவாமலே கிடைக்கும் ஐடிஎன்ஏ மாற்றி 2003இன் விதிப்படி நடப்பது. நான் சொன்ன தனித் தொகுதி 2008 என்று அழைக்கப்படும், 2010இல் ஆர்எஃப்சிகளாக வெளிவந்த விதிப்படி நடப்பது. 'லக்ஷ்மி'யில் க்ஷ கூட்டெழுத்தாகச் சேராமல் இருக்கச் சிலர் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பானை வைப்பார்கள். பழைய விதி அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். புதிய விதி, புள்ளிக்குப் பின்னால் வந்தால் அனுமதித்து வைத்துக்கொள்ளும். ஒரே பெயர் இரண்டு கோட்டில் இரண்டு முகவரியாகிவிடும். ஒரு வேலைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

பெயர் ஒழுங்காக இருக்கிறது என்பதும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதும் வேறு. இருக்கிறதா என்று பார்க்க டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்க வேண்டும். மேல்நிலைப் பெயர்ப் பட்டியலைக் கோட்டுக்குள் எழுதி வைத்தால் அது பழசாகி, மறுபடி யாராவது ஒருவருடைய முகவரியைத் தள்ளும். டிஎன்எஸ்ஸிடம் கேட்கும்போதும் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலையும் 'பதிலே வரவில்லை' என்பதையும் பிரித்துப் பாருங்கள். இங்கே தென்மேல் பருவமழையில் லைன் போய்ப் போய் வரும். பதில் வராததற்கு அந்தப் பெயர் என்ன செய்யும்? என் தளத்தில், பதில் வராவிட்டால் பதிவை ஏற்றுக்கொண்டு, பிறகு மறுபடி கேட்கும்படி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் அண்ணனுக்கு அழைத்து, இப்போது போட்டுப் பாருங்கள் என்றேன். லைனில் இருந்தபடியே போட்டார்.

"எடுத்துருச்சு தங்கச்சி. பச்சையில வருது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒங்க அண்ணியும் ஒரு தையல் கட போட்டிருக்கா. அதுக்கும் தமிழ்லயே ஒண்ணு வாங்கலாம்னு. பேருல ஸ்ரீ வருது, பரவாயில்லையா?"

கொமியூனிகேஷனில் அடித்ததை அனுப்ப வேண்டாம், அண்ணியையே தன் போனில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஸகரம்தான்.